கிறவல் பாதையைச் சீவும் சட்டகம்

கண்டியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தார் படாத பாதைகள் இன்னும் ஏராளம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ரங்கலைப் பக்கங்களில் பிரதான வீதியை விட்டு விலகி லயன்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் தனி வீடுகளுக்கும் ஏறும் வழிகளில் பல கிறவல் பாதைகளே. அகலம் 3 மீற்றர் அளவில் இருக்கும். ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் பள்ளம். வீதிகளைச் சீராக்கும் மோட்டார் கிரேடர் இங்கே ஏறுவது அபூர்வம். ஏறினாலும் கொண்டை ஊசி வளைவில் திரும்ப அதற்கு இடம் போதாது. கொழுந்தும் உரமும் ஏற்றும் உழவு இயந்திரமோ தோட்டத்தில் ஏற்கெனவே நிற்கிறது. அதன் பின்னால் பூட்டி இழுக்கும் சீவு சட்டகம் ஒன்றை ஊர் வெல்டிங் கடையிலேயே செய்துவிடலாம். செய்வது கடினமல்ல. ஆனால் பாதை எதனால் கெடுகிறது என்று தெரியாமல் செய்த சட்டகம், இருக்கிற பாதையையும் கெடுத்துவிடும்.

மலைப்பாதையைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கு. கண்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியோடு கொட்டும் இடைப்பருவ மழை. மணிக்கு 50 மி.மீ. வீதம் பெய்யும் மழை, 100 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உள்ள பாதைத் துண்டின்மேல் ஒரு மணி நேரத்தில் 15,000 லீற்றர் நீரை இறக்கும். மேலே உள்ள சரிவிலிருந்து வழிந்து வருவது தனிக்கணக்கு. அவ்வளவு நீரும் பாதையின் குறுக்கே ஓடி ஓரத்துக் கானில் விழுந்தால் பாதைக்குச் சேதமில்லை. பாதை நெடுக ஓடினால்தான் வினை. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகலாம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே போட்ட கணக்கு. மாலையில் ஒழுங்காக இருந்த ஏற்றம் மறுநாள் காலையில் கல் பெயர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

நீரைக் குறுக்கே திருப்புவது பாதையின் நடுமேடு. நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும். சமதளத்தில் சிறிய உயரமே போதும், ஏற்றத்தில் போதாது. 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறும் பாதையில் நடுவில் விழும் ஒரு துளியை எடுத்துக்கொள்வோம். ஓரச்சரிவு நூற்றுக்கு 5 என்றால், அந்தத் துளி 1.5 மீற்றர் தள்ளியுள்ள ஓரத்தை அடைவதற்குள் 3 மீற்றர் கீழே இறங்கியிருக்கும். ஓரச்சரிவு நூற்றுக்கு 1 ஆகத் தேய்ந்துவிட்டால் 15 மீற்றர் இறங்கும். வண்டித்தடம் 3 செ.மீ. பதிந்துவிட்ட பாதையில் அது ஓரத்தை அடைவதே இல்லை, தடமே வாய்க்காலாகிவிடும். கிறவல் பாதைக்கு நூற்றுக்கு 4 முதல் 6 வரை ஓரச்சரிவு வேண்டும் என்று வீதிப் பொறியியல் கைநூல்கள் சொல்வதன் பொருள் இந்தக் கணக்கில் விளங்கும். மலைநாட்டில் அந்த 4ஐ மறந்துவிட்டு 5, 6 என்றே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அலைத்தடம். சற்றே தட்டையான, வண்டிகள் வேகமெடுக்கும் இடங்களில் பாதைக்குக் குறுக்கே அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் இடைவெளியில் வரிவரியாக மேடு எழும்பும். ஜீப்பில் போகிறவரின் பல் தட்டும். வண்டியின் ஸ்பிரிங்தான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. டேபர்லே, மொரிஸ், மெக்எல்வேன் ஆகிய மூவரும் 2007இல் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டார்கள். ஸ்பிரிங் இல்லாமலும் அலை எழுந்தது. குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே எழவில்லை. சாதாரண வாகனத்துக்கு அந்த எல்லை மணிக்கு 8 கி.மீ. அளவில் வரும். சட்டகம் செய்பவருக்கு அதைவிட முக்கியமானது அடுத்து வந்த ஆய்வுகளின் முடிவு. சக்கரத்துக்குப் பதிலாகச் சாய்ந்த தகடு ஒன்றை மணல்மேல் இழுத்தபோதும் அதே அலைகள் தோன்றின. பாதையைச் சமன் செய்யப் போகும் அலகே, வேகமாக இழுத்தால், பாதையில் அலை போட்டுவிடும்.

கிறவலின் உள்ளமைப்பையும் பார்க்க வேண்டும். நல்ல கிறவல் என்பது கல், மணல், களி மூன்றின் கலவை. கல் பாரம் தாங்கும். மணல் இடுக்குகளை நிரப்பும். எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கவேண்டிய நுண்மண் எல்லாவற்றையும் பிணைக்கும். களி மிஞ்சினால் மழையில் வழுக்கும். குறைந்தால் கோடையில் கல் உதிரும். வெறும் உடைகல் சல்லியைக் கொட்டிவிட்டு அது பாதையாகும் என்று காத்திருப்பது வீண். சக்கரம் ஏற ஏற அது ஓரத்துக்குத்தான் ஒதுங்கும். 3 மீற்றர் அகலப் பாதையில் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு 1 மி.மீ. கனம் தேய்ந்தால் போகும் கிறவல் 3 கனமீற்றர். அதாவது வியாபாரிகள் அளக்கும் கணக்கில் ஏறத்தாழ ஒரு கியூப். கியூப்பின் விலை தெரிந்தவருக்கு ஒரு மில்லிமீற்றரின் பெறுமதி விளங்கும். ஓரத்தில் ஒதுங்கிய கிறவலை மீட்டு நடுவுக்குக் கொண்டுவரும் கருவி, கிறவல் வாங்கும் செலவைத்தான் முதலில் குறைக்கிறது.

வீதியை அமைப்பதைவிடக் காப்பாற்றுவது கடினம் என்பதைக் கண்டி வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வெட்டப்பட்டது. அதற்குப் பொறியியலாளராக இருந்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக வீதிகளும் பெருகின. பராமரிக்க ஆள் வேண்டியிருந்தது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும் அல்லது 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். மண்வெட்டியாலும் கூடையாலும் செய்யும் வீதிவேலை எத்தனை ஆளை விழுங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மலிவான விடை வேறொரு நாட்டில் கிடைத்தது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மேய்ட்லண்ட் என்ற ஊரில் டேவிட் வார்ட் கிங் என்ற விவசாயி 1896இல் தன் பண்ணை வாசலில் இருந்த சேற்றுப் பாதையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய இரு மரத்துண்டுகளைக் குதிரைகளால் இழுத்தார். மழை விட்டபின் இழுப்பார். மரத்துண்டுகளைச் சற்றுச் சாய்த்து இழுத்ததால் ஓரத்து மண் சிறுகச் சிறுக நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஈரமண்ணின் மெல்லிய படலமொன்று பூசப்பட்டு வெயிலில் காய்ந்து இறுகியது. சில மழைக்குப் பிறகு அந்தப் பாதை நீரை வழியவிட்டது. 1908இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் இந்த இழுவையைப் பற்றி விவசாயிகளுக்கென்று தனிக் கையேடே வெளியிட்டது. இன்று இரும்பில் செய்யும் சட்டகமும் கிங்கின் இழுவைதான். சாய்வான இரண்டு அலகு, ஈரமண், அடிக்கடி மெலிதாக ஓர் இழுப்பு என்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன.

மாறியது இழுக்கும் இயந்திரம். அதோடு புதிய சிக்கல் ஒன்றும் வந்தது. ஹாரி பெர்குசன் வடிவமைத்த மூன்றுபுள்ளி இணைப்பு இன்று ஏறக்குறைய எல்லா உழவு இயந்திரங்களிலும் உண்டு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கருவியை இயந்திரத்தோடு ஓருடலாக்கித் தூக்கவும் இறக்கவும் முடிகிறது. கலப்பைக்கு அது வரம். ஒற்றைத் தகட்டை அதில் விறைப்பாகப் பூட்டிப் பாதையைச் சீவப் போனால் சாபம்.

கணக்கு இப்படி. 45 குதிரைத்திறன் வகை இயந்திரத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் சுமார் 1.9 மீற்றர். தகடு பின் அச்சுக்கு 1.5 மீற்றர் பின்னால் தொங்குகிறது என்க. முன்சக்கரம் 5 செ.மீ. மேட்டில் ஏறினால், இயந்திரம் பின் அச்சைச் சுற்றிச் சாய்ந்து, தகட்டை 4 செ.மீ. கீழே அழுத்தும். பின்சக்கரம் 5 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் தகடு ஏறத்தாழ 9 செ.மீ. இறங்கும். பள்ளத்தை நிரப்ப வந்த தகடு, சக்கரம் கண்ட பள்ளத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆழத்தில் இன்னொரு பள்ளம் பறிக்கிறது. அடுத்த இழுப்பில் பின்சக்கரம் அந்தப் புதுப் பள்ளத்தில் இறங்கும். தகடு இன்னும் ஆழமாகப் பறிக்கும். கைதேர்ந்த ஓட்டுநர் நெம்புகோலை ஓயாமல் ஏற்றி இறக்கி இதை ஓரளவு சமாளிப்பார். மோட்டார் கிரேடரில் இந்தத் தொல்லை இல்லை. அதன் தகடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால், முன்சக்கரம் 5 செ.மீ. ஏறினால் தகடு அதில் பாதிதான் ஏறும்.

ஆகவே அலகை இயந்திரத்தின் ஆட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, அதற்கென்று நீண்ட அடித்தளம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். தச்சன் நீளப் பலகையை நேராக்கக் குட்டைச் சீவுளியை எடுப்பதில்லை, நீண்டதைத்தான் எடுப்பான். நீண்ட அடி மேடுகளின்மேல் மட்டுமே உட்காரும், பள்ளத்துள் இறங்காது. சட்டகத்தின் இரு பக்கச் சறுக்குச் சட்டங்களும் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றின் நீளம் 2.4 மீற்றர் என்றால், ஒரு மீற்றர் இடைவெளியுள்ள அலைத்தடத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு மேடுகளில் அவை தாங்கி நிற்கும். நடுவில் உள்ள அலகு மேட்டின் தலையைச் சீவும். சீவியதைச் சுமந்துபோய்ப் பள்ளம் வந்ததும் தானே கொட்டும். ஓட்டுநர் நெம்புகோலைத் தொடவே தேவையில்லை. கனமான இரும்பைப் போட்டால் பாதை சீராகும் என்று பலர் நினைக்கிறார்கள். கனம் ஆழமாக வெட்டத்தான் உதவும். நேராக வெட்டுவது நீளத்தின் வேலை.

அகலத்தைப் பின்சக்கரங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். இந்த வகை இயந்திரத்தின் பின்சக்கரங்கள் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 1.7 மீற்றருக்குள் நிற்கும், சட்டகம் 1.8 மீற்றர் இருந்தால் அவற்றின் தடத்தையும் சேர்த்து அழிக்கும். பக்கச் சட்டங்களுக்கு 100 மி.மீ. சனல் இரும்பு பொருத்தம். முன் நுனியைப் படகுபோல மேலே வளைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கல்லிலேயே குத்தி நிற்கும். குறுக்கே மூன்று ஆங்கிள் இரும்பு. அலகு, இணைப்பு எல்லாம் சேர்ந்து எடை 150 கிலோ அளவில் வரும். அதைத் தூக்கி ஓட்டும்போது முன் அச்சிலிருந்து ஏறக்குறைய அதே அளவு பாரம் குறையும், அது ஆபத்தில்லை. மண் நிறைந்த சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் போவதுதான் ஆபத்து; முன்சக்கரம் இலேசாகித் திருப்பலுக்குக் கட்டுப்படாது.

அலகுக்கு எந்த இரும்பு என்பதில் யோசனை வேண்டும். கண்டிப் பகுதியின் பாறை பழைய உருமாறிய நைஸ் வகை. அது உக்கி வரும் மண்ணில் குவார்ட்ஸ் மணல் தாராளம். குவார்ட்ஸ் சாதாரண மென்னெஃகைவிடக் கடினமானது. மென்னெஃகுப் பட்டையை அலகாக வைத்தால் விளிம்பு விரைவில் வட்டமாகத் தேய்ந்துவிடும். பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டை இதற்கு நல்லது. கழித்துப்போட்ட பட்டைகள் கராஜ்களில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதைச் சட்டகத்தோடு நேரே வெல்டிங் வைக்கக் கூடாது. ஸ்பிரிங் எஃகில் கரிமம் கூடுதல். வெல்டிங் வைத்த இடத்தை அடுத்த பகுதி சடுதியாகக் குளிர்ந்து கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை அடையும். வேலை நடுவில் வெல்டிங்கை ஒட்டியே விரிசல் ஓடும். பட்டையை உலையில் காய்ச்சி நிமிர்த்தி, துளையிட்டு, சட்டகத்தில் ஒட்டிய மென்னெஃகுத் தாங்கியில் போல்ட் போட்டு இறுக்குவதே முறை. தாங்கியின் துளைகளை மேல்கீழாக நீட்டி வெட்டிவிட்டால் அலகை ஏற்றி இறக்கவும், தேய்ந்தபின் மாற்றவும் வசதி.

இரண்டு அலகுகளையும் பயணத் திசைக்குச் செங்குத்தாக வைக்காமல் 25 அல்லது 30 பாகை சாய்க்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ப்பது? இலங்கையில் இடப்பக்கமாக ஓட்டுவது வழக்கம். அந்த வழக்கத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். அலகின் இட நுனி முன்னாலும் வல நுனி பின்னாலும் இருந்தால், சீவிய மண் வலப்பக்கமாக வழுகும். பாதையின் இட ஓரமாக ஏறிப்போனால் ஓரத்துக் கிறவல் நடுவுக்கு வரும். மேலே திரும்பி மறுபடியும் இட ஓரமாக இறங்கினால் எதிர் ஓரத்துக் கிறவலும் நடுவுக்கு வரும். அலகைத் திருப்பும் பொறிமுறை எதுவும் வேண்டாம். இட நுனியை 20 மி.மீ. வரை இறக்கி, வல நுனியைச் சட்டத்தின் அடியோடு மட்டமாக வைத்தால், ஒவ்வோர் இழுப்பும் ஓரத்தைத் தாழ்த்தி நடுவை உயர்த்தும். வலச் சட்டத்தில் பின் அலகுக்கு நேரே ஒரு வாசல் வெட்டிவிட வேண்டும். நடுவுக்கு வந்த மண் அதன் வழியே வெளியேறும். நீர் முழுவதையும் மலைப்பக்கக் கானுக்கே திருப்பும் ஒற்றைச் சரிவுப் பாதையில் இரு திசையிலும் வெட்டுவதில்லை. மலை இடக்கைப் பக்கமாக இருக்கும் திசையில் மட்டுமே வெட்ட வேண்டும்.

இணைப்பில்தான் சட்டகத்தின் உயிர் இருக்கிறது. மேல்கையை விறைப்பாகப் பூட்டினால் நீளமான சறுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. இயந்திரத்தின் ஆட்டம் முழுவதும் அலகுக்கு வந்துவிடும். மேல்கைக்குப் பதிலாகச் சங்கிலி போடலாம், அல்லது மேல்கை பூட்டும் ஆணி முன்பின் நகர நீள்துளை வெட்டலாம். கீழ்க்கைகள் இழுக்க மட்டும் செய்யும். சட்டகம் தன் பாட்டில் நிலத்தைப் பின்பற்றும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பெர்குசனின் அமைப்பில் கருவி ஒரு பாறையில் முட்டினால் மேல்கை இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளி முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்தும். இயந்திரம் பின்புறமாகக் குடைசாயாமல் காப்பது அந்த அழுத்தம். மேல்கையைத் தளர்த்தினால் அந்தக் காவல் போய்விடும். மலைநாட்டு மண்ணுக்குள் கருங்கல் தலைநீட்டாத இடம் குறைவு. ஆகவே இழுக்கும் புள்ளி பின் அச்சுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். அச்சுக்கு மேலே, ஆசனத்துக்குப் பின்னால் உள்ள எந்தக் கொக்கியிலும் சங்கிலியை மாட்டி இழுப்பது உயிரோடு விளையாடுவது. இழுக்கும் தண்டில் அறுபடு ஆணி ஒன்றையும் வைக்கலாம். 8 மி.மீ. மென்னெஃகு போல்ட் ஏறத்தாழ ஒரு தொன் எடைக்குச் சமமான விசையில் வெட்டுண்டு போகும். போல்ட் போனால் இன்னொன்று வாங்கலாம். கடினமான போல்ட்டைத் தேடிப்பிடித்துப் போடுபவர் அதன் நோக்கத்தையே கெடுக்கிறார்.

சோதனைக்கு அதிகக் கருவிகள் தேவையில்லை. நேரான 3 மீற்றர் பலகை, மேசனின் ரசமட்டம், அளவுகோல், சுண்ணாம்பு போதும். தட்டையான பகுதி, வளைவு, ஏற்றம் மூன்றும் அடங்கும் 50 மீற்றர்த் துண்டைத் தெரிவு செய்து, 5 மீற்றருக்கு ஒரு குறி இட வேண்டும். ஒவ்வொரு குறியிலும் பலகையைப் பாதைக்குக் குறுக்கே நடுமேட்டின்மேல் வைத்து, ரசமட்டத்தால் நிலைப்படுத்தி, இரு ஓரத்திலும் பலகைக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நடுவிலிருந்து 1.5 மீற்றரில் 7.5 செ.மீ. இடைவெளி இருந்தால் ஓரச்சரிவு நூற்றுக்கு 5. அதே பலகையைச் சக்கரத்தடத்தில் நீளவாக்கில் வைத்துப் பெரிய இடைவெளியை அளந்தால் அலைத்தடத்தின் ஆழம் தெரியும். இழுப்பதற்கு முன் ஓர் அளவு, ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் ஓர் அளவு. கண்ணுக்குச் சீராகத் தெரிவதை நம்பக் கூடாது. புதிதாகச் சீவிய மண் எல்லாப் பள்ளத்தையும் மூடி மயக்கும்; இரண்டு நாள் வண்டி ஓடி இறுகியபின் எடுக்கும் அளவே கணக்கில் சேரும்.

வேகத்தையும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு துண்டில் மணிக்கு 4 கி.மீ., அதாவது நிதானமான நடைவேகத்தில் ஓர் இழுப்பு. வேறொரு துண்டில் 10 கி.மீ. வேகத்தில் ஓர் இழுப்பு. வேகமாக இழுத்த இடத்தில் சட்டகம் துள்ளத் தொடங்கும். துள்ளிய ஒவ்வோர் இடத்திலும் பலகையின் அடியில் புதிய அலையின் தொடக்கத்தை அளக்கலாம். கிரேடருக்கே மணிக்கு 5 முதல் 8 கி.மீ. வரைதான் கைநூல்கள் அனுமதிக்கின்றன. கருவிகளை முறைப்படி சோதிக்கும் மஹ இலுப்பள்ளம பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகாமலே, எழுதி வைத்த இந்த அளவுகளைக் கொண்டு அலகின் சாய்வையும் ஆழத்தையும் திருத்திக்கொள்ள முடியும். அடுத்த கனமழையின்போது குடையோடு போய் நீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்ப்பதும் சோதனையில் சேர்த்திதான். நடுவிலிருந்து புறப்படும் நீர் நான்கைந்து மீற்றருக்குள் கானில் விழுந்தால் சட்டகம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஏற்றத்தில் இழுவிசை ஒரு தடை. 1.9 தொன் இயந்திரத்தில் பின்சக்கரங்களின்மேல் சுமார் 1.2 தொன் இருக்கும். தளர்ந்த கிறவலில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் பிடிமானமாக மாறும். 540 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் இயந்திரத்தையும் சட்டகத்தையும் மேலே இழுக்கவே 200 கிலோவுக்கு மேல் செலவாகும். மண்ணை வெட்ட 330 கிலோ மிஞ்சும். ஐந்துக்கு ஒன்று ஏற்றத்தில் மிஞ்சுவது 130 கிலோதான். சக்கரம் சுழன்று, சீவ வந்த பாதையையே தோண்டும். இறங்கும்போது வெட்டினால் சுலபம். ஆனால் கிறவலைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். மழை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை இயந்திரமும் சேர்ந்து செய்ததாகும். செங்குத்தான இடத்தில், சட்டகத்தின்மேல் கற்பாரம் வைத்திருந்தால் அதை இறக்கிவிட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் மெலிதாகப் பல தடவை இழுப்பதே வழி. பள்ளப்பக்க ஓரத்தில் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் இடையே தாராளமாக இடம் விட வேண்டும். அங்கே ஒதுங்கிக் கிடக்கும் கிறவலை ஆசைப்பட்டு எடுக்கப்போய் இளகிய விளிம்பில் சக்கரம் இறங்கினால் இயந்திரமே உருண்டுவிடும். அந்தக் கடைசி ஓரத்தை மண்வெட்டிக்கு விட்டுவிடலாம்.

காலம் பார்த்துச் செய்வது பாதி வேலை. பெப்ரவரி வறட்சியில் இழுத்தால் இறுகிய மேற்பரப்பு உடைந்து, நுண்மண் தூசியாகப் பறந்து, வெறும் கல் மிஞ்சும். அடைமழையில் இழுத்தால் சேறு. கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். நீர் கசியக் கூடாது. மண் எந்த ஈரத்தில் அதிகம் இறுகும் என்பதை அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ப் ப்ரொக்டர் 1933இல் ஆய்வுகூட முறையாக்கினார்; மலைப்பாதைக்குக் கைப்பிடிச் சோதனையே போதும். ஏப்ரல் மாதப் பிற்பகல் மழை பெய்த மறுநாள், தென்மேற்குப் பருவம் தொடங்குமுன், கண்டிப் பகுதியில் இதற்கு ஏற்ற பருவம். செப்டெம்பர் கடைசியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. சீவியதும் ரோலர் கிடைக்காவிட்டால், பாரம் ஏற்றிய பெட்டியோடு அதே உழவு இயந்திரத்தைத் தடம் மாற்றி மாற்றி ஓட்டி இறுக்க வேண்டும்.

சட்டகத்தால் முடியாதவையும் உண்டு. 2.4 மீற்றர்ச் சட்டம் அதைவிட நீண்ட மேடுபள்ளத்தை உணராது. ஐந்தாறு மீற்றர் நீளமுள்ள தாழ்வு எத்தனை தடவை இழுத்தாலும் தாழ்வாகவே இருக்கும். அங்கே கிறவல் கொட்டித்தான் ஆக வேண்டும். ஆழமான குழியை மேலே மண் போட்டு மூடினால் சில வாரத்தில் மீண்டும் திறந்துகொள்ளும். குழியின் அடி வரை கிளறி, ஒன்றாகச் சேர்த்து இறுக்க வேண்டும். வெட்டிய மலைப்பக்கம் சரிந்து விழும் இடத்தில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சீவிய பாதை நீரைக் கானுக்கு அனுப்புகிறது. கான் அதை மதகுக்கு அனுப்ப வேண்டும். இலையும் மண்ணும் அடைத்த கான், ஓரத்துக்கு வந்த நீரைத் திரும்பப் பாதைக்கே அனுப்பும். ஆகவே சட்டகத்தைப் பூட்டும் நாளுக்கு முன்தினம் இரண்டு ஆளை மண்வெட்டியோடு அனுப்பிக் கானை வெட்டித் துப்புரவாக்குங்கள். அது நடக்காத பாதையில் உழவு இயந்திரத்தை இறக்குவது டீசலுக்குக் கேடு.